தெரு லைனிலிருந்து உங்க வீட்டு சம்ப் வரை: கறுப்பு பைப்பை எப்படித் தேர்வு செய்வது, எப்படி இணைப்பது?

வீட்டு வாசலில் குழி தோண்டியாகிவிட்டது. நீலக் கோடு போட்ட கறுப்பு பைப் ஒரு சுருளாக ஓரத்தில் கிடக்கிறது. பிளம்பர் ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் பற்ற வைக்கிறார். பைப்பின் முனையை அந்தத் தீயில் காட்டி, அது இளகியதும் ஒரு ஜிஐ நிப்பிளின் மேல் ஏற்றி அழுத்துகிறார். மேலே கட்டுக்கம்பியை நாலு சுற்று சுற்றி முறுக்குகிறார். மொத்தமே ரெண்டு நிமிஷம். "இது தாங்குமா?" என்று நீங்கள் கேட்டால், பெங்களூரோ, புனேவோ, நொய்டாவோ, எந்த ஊரானாலும் எந்த மொழியானாலும் பதில் ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகாது சார்."

கொஞ்ச நாளைக்கு உண்மையிலேயே ஒண்ணும் ஆகாது. அதுதான் சிக்கல்.

முதல் முறையாக வீடு கட்டுபவர்களும், பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிப்பவர்களும் டைல்ஸுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் செலவழிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்தப் பைப்புக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் "நல்ல கம்பெனி பைப்பா?" என்ற கேள்வியோடு நின்றுவிடும். ஆனால் மண்ணுக்குள் போகும் பாலிஎதிலீன் பைப் விஷயத்தில் பைப் உடைவதைவிட, அதை இணைத்த இடம் ஒழுகுவதுதான் அதிகம் நடக்கிறது. அந்த ஒழுகல் வெறும் தண்ணீர் நஷ்டம் மட்டும் இல்லை.

ஒழுகும் இணைப்பு உள்ளேயும் இழுக்கும்

நம் நகரங்களில் பெரும்பாலானவற்றில் குழாய்த் தண்ணீர் 24 மணி நேரமும் வருவதில்லை. சில இடங்களில் காலையில் ரெண்டு மணி நேரம், சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். வால்வை மூடியதும் லைனுக்குள் அழுத்தம் விழுந்துவிடும். பள்ளத்தில் இருக்கிற ஏதோ ஒரு வீட்டுக் குழாய் மிச்சத் தண்ணீரை வடித்துவிடும். இல்லையென்றால் யாரோ லைனில் நேரடியாக மாட்டிய மோட்டார் அதை உறிஞ்சும் (பல ஊர்களில் இது சட்டவிரோதம், ஆனாலும் நடக்கிறது). அப்போது பைப்புக்குள் இருக்கும் அழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் குறைந்துவிடுகிறது.

சப்ளை வந்தபோது தண்ணீரை வெளியே விட்ட அதே இடைவெளி, இப்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. சுற்றியிருப்பது வெறும் ஈர மண் என்றால் கலங்கல் தண்ணீரோடு போகும். பக்கத்தில் சாக்கடையோ, ஒழுகும் செப்டிக் டேங்கோ இருந்தால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் அந்த வழியாக வீட்டுக்குள் வரலாம். சப்ளை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் தண்ணீர் நாற்றமடிப்பதாகப் பலரும் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இது சில வீடுகளின் பிரச்னை மட்டும் இல்லை. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது கிராமப்புறங்களில் 3.23 கோடி வீடுகளுக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. 15 கோடி வீடுகளுக்குக் கிடைத்துவிட்டதாக 2025 பட்ஜெட் உரை சொன்னது. இந்த லைன்களில் பெரும் பகுதி பாலிஎதிலீன் பைப்தான். இத்தனை வீட்டு வாசலிலும் குறைந்தது ஓர் இணைப்பு மண்ணுக்குள் இருக்கிறது.

ஏன் பாலிஎதிலீன்?

பழைய ஜிஐ பைப் துருப்பிடிக்கும், உள்ளே செதில் படிந்து அடைக்கும். பாலிஎதிலீன் துருப்பிடிக்காது. வளையும். லாரி போகும் அதிர்வையும், மண் கொஞ்சம் இறங்குவதையும் தாங்கும். பிவிசியில் குளோரின் இருப்பதால் அதை நிலைப்படுத்த ஒரு காலத்தில் ஈயச் சேர்மங்கள் கலந்தார்கள். அதைப் படிப்படியாக ஒழிக்க மத்திய அரசு 2021-ல் தனி விதிகளே கொண்டுவர வேண்டியிருந்தது. பாலிஎதிலீனுக்கு அந்தத் தேவையே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், இது சுருளாக வருகிறது. தெரு லைனிலிருந்து உங்கள் சம்ப் 25 மீட்டர் தூரம் என்று வையுங்கள். 6 மீட்டர் நீளக் கட்டை பைப்பில் நடுவில் நாலு இணைப்பு தேவைப்படும். சுருளில் ஒன்றுகூடத் தேவையில்லை. ரெண்டு முனையில் மட்டும்தான் இணைப்பு. பிளம்பர் "மீதி கிடந்த ரெண்டு துண்டை ஜாயின்ட் பண்ணிக்கலாம்" என்று சொன்னால், கொஞ்சம் பைப் வீணானாலும் பரவாயில்லை என்று முழு நீளமாகவே போடச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வதாக இருந்தால், அது இதுவாகவே இருக்கட்டும்.

அதே சமயம், இது எல்லா இடத்துக்குமான பைப் கிடையாது. கீசர் லைனுக்குப் போடவே கூடாது. சாதாரண பாலிஎதிலீன் வெந்நீரைத் தாங்காது. வெந்நீருக்கு சிபிவிசி அல்லது பிபிஆர் பைப்தான். (பெக்ஸ் என்று ஒன்று உண்டு, குறுக்கிணைப்பு செய்த பாலிஎதிலீன். அது வெந்நீரையும் தாங்கும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.) பாத்ரூம் சுவருக்குள் வளைத்து வளைத்துப் போகும் லைனுக்கும் சிபிவிசியே வசதி. மொட்டை மாடியில் உச்சி வெயிலில் கிடக்கும் லைனுக்கும் இது பொருந்தாது. ஆக, பாலிஎதிலீனின் இடம் மண்ணுக்குள்: தெரு லைனிலிருந்து சம்ப் வரை, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு, தோட்டத்துக்கு.

மண்ணுக்குள்ளும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பெட்ரோல், டீசல், பெயின்ட் தின்னர் போன்றவை பாலிஎதிலீன் சுவரை ஊடுருவி உள்ளே போகும். ஓட்டை எதுவும் வேண்டியதில்லை, பைப் முழுசாக இருந்தாலே போகும். உங்கள் மனை பெட்ரோல் பங்க்கையோ, ஆண்டுக்கணக்கில் எண்ணெய் கொட்டிய மெக்கானிக் ஷெட்டையோ ஒட்டியிருந்தால், அந்தப் பகுதியில் உலோக பைப் போடுவதுதான் பாதுகாப்பு.

கடையில் எதைப் பார்ப்பது?

பைப்பின் மேலேயே எல்லாம் அச்சடித்திருக்கும். படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் அளவு. இங்கேதான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். ஜிஐ பைப்பில் ஒரு இன்ச் என்றால் ஏறக்குறைய உள் விட்டம். பாலிஎதிலீனில் சொல்வது வெளி விட்டம், அதுவும் மில்லிமீட்டரில். ½ இன்ச்சுக்குப் பதில் 20 மி.மீ., ¾ இன்ச்சுக்கு 25, ஒரு இன்ச்சுக்கு 32 என்று கணக்கு. "ஒரு இன்ச் பைப்" என்று கேட்டு 25 மி.மீ. பைப்போடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு, ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ. என்ற பள்ளிக்கூடக் கணக்கால்! 25 மி.மீ. பைப்பில் தடித்த ரகத்தின் உள் விட்டம் சுமார் 20 மி.மீ.தான். 32-ல் அது சுமார் 26. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது, 25 மி.மீ. பைப்பில் உரசலால் இழக்கும் அழுத்தம் 32-ஐப் போல சுமார் மூன்று மடங்கு. ஏற்கெனவே அழுத்தம் குறைவாக வரும் தெருவில் இது ரொம்பப் பெரிய விஷயம். எந்த அளவு இணைப்பு தருவது என்று முடிவு செய்வது உங்கள் ஊர்க் குடிநீர் வாரியம்தான். ஆனால் உங்கள் காம்பவுண்டுக்குள் நீளமான லைன் போவதாக இருந்தால் ஓர் அளவு பெரியதாகப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

அடுத்து பிஇ 63, பிஇ 80, பிஇ 100. இது பிளாஸ்டிக்கின் வலிமை. பிஇ 100 என்றால், 20 டிகிரி செல்சியஸில் 50 ஆண்டுகள் தொடர்ந்து குறைந்தது 10 மெகாபாஸ்கல் இழுவிசையை அந்தப் பைப் சுவர் தாங்கும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. எண் கூடக் கூட வலிமை கூடும். புதிதாக வாங்கும்போது பிஇ 100 வாங்குங்கள்.

பிஎன் என்பது பைப் தாங்கும் அழுத்தம், பார் அளவில். சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். மூன்று மாடி வீட்டின் உச்சியில் இருக்கும் டேங்க், தரைத்தளக் குழாயில் கொடுப்பது ஒன்றே கால் பார் வந்தாலே அதிகம். அப்படியிருக்க பிஎன் 6 போதாதா? கணக்குப்படி போதும். ஆனால் சின்ன அளவு பைப்பில் குறைந்த பிஎன் என்றால் சுவர் மெலிசு. சட்டென்று மடங்கும், கல் குத்தினால் தாங்காது, இணைப்பான் கவ்வுவதற்குச் சதை இருக்காது. வால்வைப் படாரென்று மூடும்போது வரும் நீரடி வேறு இருக்கிறது. அதனால் வீட்டு இணைப்புக்கு பிஇ 100, பிஎன் 16, எஸ்டிஆர் 11 என்று கேட்டு வாங்குவதே நல்லது. எஸ்டிஆர் என்பது வெளி விட்டத்தைச் சுவர் தடிமனால் வகுத்தால் வரும் எண். எண் சின்னதாக இருந்தால் சுவர் தடிமன்.

இந்த எண்கள் எல்லாம் 20 டிகிரியை வைத்துச் சொல்வது. நம் ஊரில் 20 டிகிரி எங்கே இருக்கிறது? சர்வதேச தர அளவுகளின்படி, தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் தாங்கும் அழுத்தத்தை 0.87 ஆலும், 40 டிகிரியில் 0.74 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதாவது பிஎன் 10 பைப் 40 டிகிரியில் 7.4 பார்தான். மண்ணுக்குள் இருக்கும் வீட்டு லைனுக்கு இது தாராளம்.

கடைசியாக ஐஎஸ்ஐ முத்திரை. குடிநீருக்கான பாலிஎதிலீன் பைப்புக்கு ஐஎஸ் 4984 என்ற எண் இருக்க வேண்டும். கழிவுநீர் பைப்புக்கு ஐஎஸ் 14333. ரெண்டும் கறுப்பு பைப்தான், மாற்றிக் கொடுத்தால் பார்வைக்குத் தெரியாது. முத்திரையின் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். போனில் பிஐஎஸ் கேர் ஆப்பைத் திறந்து அந்த எண்ணைப் போட்டால், உரிமம் யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று காட்டிவிடும். கடையில் நின்றுகொண்டே செய்யலாம். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை.

மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த மலிவு பைப்பும் இதே கறுப்பு நிறத்தில்தான் வரும். குடிநீர் பைப்புக்கு அது கூடாது. உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கக் கூடாது. முகர்ந்தால் எரிந்த வாடையோ சோப்பு வாடையோ அடிக்கக் கூடாது. இன்னும் நம்பகமான சோதனை எடை. 32 மி.மீ., எஸ்டிஆர் 11 பைப்பின் சுவர் சுமார் 3 மி.மீ.; 100 மீட்டர் சுருள் 26, 27 கிலோ இருக்க வேண்டும். தராசில் 20 கிலோதான் காட்டுகிறது என்றால் அச்சடித்தது ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

சரி, எப்படி இணைப்பது?

பிவிசிக்குப் பூசும் சால்வென்ட் சிமென்ட் இதில் ஒட்டவே ஒட்டாது. எபாக்ஸி பசையும் அப்படித்தான், காய்ந்ததும் உரிந்து வந்துவிடும். பாலிஎதிலீனின் மேற்பரப்பு மெழுகு மாதிரி, எதையும் பிடித்துக்கொள்ளாது. ஆகவே ரெண்டே வழி. உருக்கி ஒன்றாக்க வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து கவ்விப் பிடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பார்த்த தீயில் காட்டும் முறை இந்த ரெண்டிலும் சேராது. தீயில் இளகிய முனை ஒரு பக்கம் மெலிந்து, ஒரு பக்கம் தடித்து, இழுபட்ட நிலையிலேயே உறைகிறது. ஜிஐயோடு அது உருகிச் சேரவும் இல்லை, வெறுமனே போர்த்தியிருக்கிறது. இறுக்கிக் கட்டிய கம்பி பைப்பின் சதையைக் கீறி, பின்னால் விரிசல் தொடங்க ஓர் இடம் போட்டுக்கொடுக்கிறது. பாலிஎதிலீனுக்கு இன்னொரு குணமும் உண்டு: தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல விட்டுக்கொடுத்துவிடும். இன்று இறுக்கமாக இருக்கும் கட்டு சில மாதங்களில் தளர்ந்திருக்கும். போதாததற்கு வெப்பத்தில் நீள்வது. ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.2 மி.மீ. நீளும் பாலிஎதிலீன், இரும்பு அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட நீளாது. 20 டிகிரி மாறினால் 10 மீட்டர் பைப்பில் 4 செ.மீ. வித்தியாசம். ஒவ்வொரு கோடையும் குளிர்காலமும் அந்தக் கட்டை இழுத்தும் தள்ளியும் பார்க்கும்.

வீட்டு இணைப்புக்கு, அதாவது 20 முதல் 63 மி.மீ. வரை, நடைமுறைக்கு ஏற்றது கம்ப்ரஷன் பிட்டிங். கறுப்பு உடல், பெரும்பாலும் நீல நட். உள்ளே ஒரு ரப்பர் ஓ-ரிங், ஒரு பல் வைத்த பிளவு வளையம். ஓ-ரிங் தண்ணீரைத் தடுக்கிறது, பல் வளையம் பைப் உருவி வராமல் பிடிக்கிறது. வெளியே இழுக்க இழுக்க இன்னும் இறுகும்படி அதன் சரிவு அமைந்திருக்கிறது. ரெண்டு வேலையையும் ரெண்டு பேர் பார்ப்பதால்தான் பைப் கொஞ்சம் நீண்டாலும் சுருங்கினாலும் ஒழுகாது.

மாட்டும் விதம் எளிது, அவசரப்படாமல் இருந்தால். பைப்பை நேராக வெட்ட வேண்டும். ஆக்ஸா பிளேடில் கோணலாக அறுத்த முனை ஓ-ரிங்கைக் கிழித்துவிடும். பைப் கட்டர் விலை ஒன்றும் பெரிசில்லை. வெட்டிய விளிம்பைச் சுற்றிலும் கத்தியால் லேசாகச் சரிவாகச் சீவ வேண்டும். பைப் எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று பிட்டிங்கின் பக்கத்தில் வைத்து அளந்து, பைப்பில் மார்க்கரால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். முனையில் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளும்போது முதலில் ஒரு தடை தெரியும். அது ஓ-ரிங். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்! பைப் முழுசாகப் போய்விட்டது என்று நினைத்து நட்டை முறுக்கிவிடுவார்கள். அன்று ஒழுகாது, அழுத்தம் ஏறும் ஒரு நாளில் பைப் வெளியே வந்துவிடும். கோடு மறையும்வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு பெல்ட் ரெஞ்சால் கொஞ்சம். பைப் ரெஞ்சைப் போட்டுப் பலம் காட்டினால் நட் வெடிக்கும். கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். சில எண்ணெய்கள் ரப்பரை ஊதவைத்துவிடும்.

பித்தளை வால்வோ, மீட்டரோ, ஜிஐயோ வரும் இடத்தில் ஒரு பக்கம் கம்ப்ரஷன், மறுபக்கம் மரை உள்ள அடாப்டர் போட வேண்டும். டெப்லான் டேப் மரைப் பக்கத்துக்கு மட்டும்தான், நட் பக்கத்துக்கு இல்லை. பிளாஸ்டிக்கின் உள் மரைக்குள் இரும்பு நிப்பிளை முறுக்குவதைவிட, பிளாஸ்டிக்கின் வெளி மரையை உலோகத்துக்குள் முறுக்குவது பாதுகாப்பு; முதல் வகையில் அடாப்டர் பிளந்துகொள்ளும். பாலிஎதிலீன் பைப்பிலேயே மரை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் விட வேண்டாம்.

அபார்ட்மென்ட் வளாகம், லேஅவுட் போன்ற பெரிய லைன்களில் உருக்கும் முறைதான் சரி. எலெக்ட்ரோபியூஷன் என்பது உள்ளே கம்பிச் சுருள் பதித்த கப்ளிங்; பார்கோடைப் படித்து மெஷின் சரியான நேரத்துக்கு மின்சாரம் கொடுக்கும், பைப்பும் கப்ளிங்கும் ஒன்றாக உருகிவிடும். பட் பியூஷன் என்பது ரெண்டு முனைகளையும் சுமார் 200 முதல் 220 டிகிரி சூட்டுத் தட்டில் இளக்கி நேருக்கு நேர் அழுத்துவது. சரியாகச் செய்தால் இணைப்பும் பைப் அளவுக்கே வலுவாக இருக்கும். உங்கள் அசோசியேஷன் இப்படி வேலை கொடுத்திருந்தால் ரெண்டு விஷயத்தை நேரில் நின்று பாருங்கள். எலெக்ட்ரோபியூஷனுக்கு முன் பைப்பின் மேல்தோலைச் சுரண்டுகிறார்களா (உப்புத்தாளில் தேய்ப்பது சுரண்டுவது ஆகாது)? உருகிய பிறகு ஆறும்வரை அசைக்காமல் கிளாம்பில் விட்டுவைக்கிறார்களா? மெஷின் பச்சை விளக்கு காட்டியதும் கழற்றிக்கொண்டு அடுத்த குழிக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

குழியை மூடும் முன்

தெரு லைனில் சாடில் போட்டுத் துளையிடுவது குடிநீர் வாரியத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் வேலை, அதில் நீங்கள் கைவைக்க முடியாது. அங்கிருந்து உள்ளே வரும் பாதை உங்கள் பொறுப்பு. சாக்கடையை ஒட்டியோ, சாக்கடைக்குள் இறங்கியோ பைப் போகக் கூடாது. கடந்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் பைப் மேலே, சாக்கடை கீழே. அந்த இடத்தில் எந்த இணைப்பும் வரக் கூடாது. அடியில் மணல், மேலே கல் இல்லாத மண். பைப்பை விறைப்பாக இழுக்காமல் லேசாக நெளிய விடுங்கள், சுருங்குவதற்கு இடம் வேண்டும். வளைவு என்றால் வெளி விட்டத்தைப் போல 25 மடங்கு ஆரம், 32 மி.மீ. பைப்புக்கு 80 செ.மீ. அதைவிட நெருக்கமாக மடக்கினால் கசங்கிவிடும், அங்கே எல்போ போடுவதே மேல்.

மூடுவதற்கு முன் சோதனை. டெஸ்ட் பம்ப் இருந்தால், காற்றை வெளியேற்றி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றச் சொல்லுங்கள். முள் கொஞ்சம் கீழே இறங்கும். பயப்பட வேண்டாம், அழுத்தத்தில் பைப் சற்று விரிவதால் அப்படி. மறுபடி ஏற்றினால் நிற்க வேண்டும். பம்ப் இல்லையா? முனையை அடைத்து, சப்ளை வரும்போது லைனை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தது ஓர் இரவாவது இணைப்புகளை மூடாமல் வைத்திருங்கள்.

வீடு ஓர் ஊரில், உங்கள் வேலை வேறு ஊரில் என்றால், மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: பைப்பின் மேல் அச்சடித்த எழுத்து, நட் இறுக்கும் முன் மார்க்கர் கோடு, பிறகு மூடாத குழி முழுவதும் காம்பவுண்டு சுவரிலிருந்து டேப் வைத்து அளந்தபடி. மண்ணுக்குள் போன பிளாஸ்டிக்கை எந்த மெட்டல் டிடெக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. அஞ்சு வருஷம் கழித்து கேட் போடக் குழி தோண்டுகிறவரிடம் அந்த மூன்றாவது படத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.